‘இருக்கு’ என்று சொல்லத் தெரியாத பிரசன்னா

பிரசன்னாவிடம் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் “ஏதோ ஓடுது” என்பார். வாசலில் புதுக் காரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டாலும் அதே பதில்தான். சம்பளம் உயர்ந்த அன்றைக்குக் கேட்டாலும் அதேதான், குரல் மட்டும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்.

இதைப் பொய் என்று சொல்வது அநியாயம். இது தலைக்கவசம். “நன்றாக இருக்கிறேன், எல்லாம் இருக்கிறது” என்று நாலு பேர் முன்னால் சொன்ன தமிழரை நான் இதுவரை சந்தித்ததில்லை. யாராவது சொல்லித்தான் இருப்பார்கள். மறுநாள் வாஷிங் மெஷின் நின்றிருக்கும். அதோடு திருந்தியிருப்பார்கள்.

பிரசன்னாவுக்கு இது பரம்பரைச் சொத்து. திருச்சியில் அவருடைய அப்பா வங்கியில் வேலை பார்த்தவர். மகனுக்குக் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை கேட்கப் போனபோது, கல்லூரி வாசலிலேயே கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சலுகை கிடைத்தது. கடிகாரம் பைக்குள் டிக் டிக் என்று சத்தமிட்டதை முதல்வர் கவனிக்கவில்லை. இருக்கிறது என்று காட்டினால் கொடுப்பவன் கை சுருங்கும் என்ற பாடம் அன்றைக்கு மகனுக்கு இலவசமாகக் கிடைத்தது. இலவசமாகக் கிடைத்ததை பிரசன்னா விட்டதே இல்லை.

இப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. மெல்பேர்னின் மேற்கே பொயிண்ட் குக்கில் வீடு, கிழக்கே மல்கிரேவில் வேலை. நடுவில் சுங்கம் வாங்கும் சுரங்கப்பாதை இருக்கிறது. அதில் போனால் சீக்கிரம் போகலாம் என்பது ஊருக்கே தெரியும். பிரசன்னாவுக்கு மட்டும் சுங்கம் இல்லாத வழி தெரியும். அந்த வழியில் சிக்னல் சிக்னலாக நின்று, சுங்கத்தை விட அதிகமான பெட்ரோலை எரித்து, அலுவலகம் போய்ச் சேர்ந்து, “ஒரு பைசா கட்டல” என்பார். பெட்ரோல் எரிவது கண்ணுக்குத் தெரியாது. சுங்கம் ரசீதில் தெரியும்.

சூப்பர் மார்க்கெட்டில் அவர் ஒரு கலைஞர். பாதி விலைக்கு வரும் வாரம் வரை சலவைப்பொடி வாங்க மாட்டார். வந்த வாரத்தில், தள்ளுபடியில் வாங்கிய பரிசு அட்டையால் அதை வாங்கி, அதற்கு மேல் புள்ளிகளும் சேர்ப்பார். சலுகை மேல் சலுகை மேல் சலுகை, தோசை அடுக்குவது போல. வட்டாரத்துத் தமிழர்களின் வாட்ஸப் குழுவில் எந்தக் கடையில் எண்ணெய் மலிவு என்று யாராவது கேட்டால் இவர் பதில் போடும் வரைக்கும் ஒருவரும் வாங்குவதில்லை.

இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கை ஒரே ஒரு விஷயத்தில் முழு விலையைக் கேட்டது.

மனைவி பார்கவி வீட்டுக்கு அருகிலேயே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறார். இரண்டு வயதுக்காரர்களின் அறை. அந்த அறையில் நாற்காலி பெற்றோர்கள் பையை வைப்பதற்கு. வேலை முழுக்கத் தரையில்தான். உட்கார வேண்டும், எழ வேண்டும், ஓடுகிறவனைப் பிடிக்க வேண்டும், பிடித்தவனின் காலணிக் கொக்கியை மாட்ட வேண்டும். பார்கவிக்கு இது பிடித்த வேலை. பேசத் தெரியாதவர்களோடு ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு வந்தால் வீட்டில் பேசுகிறவரைப் பொறுத்துக்கொள்ளத் தெம்பு வருகிறது என்பார்.

இரண்டு வருடமாக அவருக்கு மூட்டுவாதம். உடம்பே தன் மூட்டுகளை எதிரி என்று நினைத்துத் தாக்குகிற வகை. காலையில் விரல்கள் மடங்காது. மாத்திரைகள் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. காப்பக மேலாளர் நல்லவர், “கொஞ்ச நாள் வரவேற்பு மேஜையில் இரு” என்றார்.

பிறகு மூட்டு நிபுணர் புது ஊசி ஒன்றைச் சொன்னார். பேனா மாதிரி இருக்கும், வீட்டிலேயே தொடையில் போட்டுக்கொள்ளலாம், மாதம் ஒன்று. தன்னிடம் இருந்த இலவச மாதிரி ஊசிகள் இரண்டை முதலில் கொடுத்தார். இரண்டாவது ஊசி போட்ட வாரம், பார்கவி ஊறுகாய் பாட்டிலைத் தானே திறந்தார். திறந்த கையோடு அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினார். திருச்சியிலிருந்து “என்ன ஊறுகாய்?” என்று பதில் வந்தது. மேலாளரும் அவரை மறுபடி பிள்ளைகளிடம் விட்டுவிட்டார், தரையில் உட்கார்ந்து எழ முடிகிற வரைக்கும் அந்த அறை உன்னுடையது என்று சொல்லி.

மூன்றாவது ஊசிக்கு நாள் நெருங்கியது. இனி மாதிரி இல்லை, வாங்க வேண்டும்.

விலையைச் சொன்னது சிவசோதி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், அந்த வட்டாரத்தில் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளர். மருந்துச் சீட்டை ஒரு முறையும் பிரசன்னாவின் முகத்தை ஒரு முறையும் பார்த்துவிட்டு, “தம்பி, முதல்ல கதிரையில இருங்கோ, பிறகு சொல்லுறன்” என்றார்.

உட்கார்ந்தார். அக்கா சொன்னார். ஒரு ஊசியின் விலையில் இரண்டு பேர் சென்னைக்குப் போய் வரலாம்.

“பாதி விலை எந்த வாரம் வரும்க்கா?”

“இது சலவைப்பொடி இல்லைத் தம்பி.”

மெடிக்கேர் என்ற அரசு மருத்துவ அட்டை உள்ளவருக்கு, அந்த நோய்க்கென்று பட்டியலில் இருக்கும் மருந்தின் பெரும்பகுதியை அரசாங்கமே கட்டிவிடும். பிரசன்னா வேலை விசாவில் இருக்கிறார். நிரந்தர விசாவுக்கு அலுவலகம் கையெழுத்துப் போட வேண்டும். “அடுத்த காலாண்டில்” என்று அவர்கள் சொல்லத் தொடங்கிப் பல காலாண்டுகள் ஆகின்றன. அதுவரை அட்டை கிடையாது. அதற்குப் பதிலாக வெளிநாட்டவருக்கான தனியார் காப்பீடு ஒன்றை விசா விதியே கட்டாயமாக எடுக்க வைத்திருந்தது. மாதா மாதம் பிரீமியம் போகிறது. அது போவதைப் பார்க்கும்போதெல்லாம் பிரசன்னா கண்ணை மூடிக்கொள்வார்.

சிவசோதி அக்கா இன்னொன்றும் சொன்னார். மருந்து செய்யும் கம்பெனியே ஒரு உதவித் திட்டம் வைத்திருக்கிறதாம். டாக்டர் அதற்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார், அவர்களுடைய நர்ஸ் ஒருவரோடு போனில் பேசிப் பதிவு செய்துகொள்ளலாம். சேர்ந்துவிட்டால் நோயாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும்.

‘கம்பெனி’, ‘உதவி’, ‘ஏற்றுக்கொள்ளும்’. இந்தச் சொற்கள் காதில் விழுந்ததுமே பிரசன்னாவுக்குள் அப்பா எழுந்து கடிகாரத்தைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். அக்கா அதற்கு மேல் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

அன்று மாலை போன் செய்வதற்கு முன், பிரசன்னா நிஜமாகவே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“இது எதுக்கு?” என்றார் பார்கவி.

“பழக்கம்.”

“போன்ல கடிகாரம் தெரியாதுங்க.”

“குரல்ல தெரியும்.”

அந்தப் பக்கம் நிவி என்று பெயர் சொன்ன இளம்பெண், மெல்பேர்னிலேயே வளர்ந்த ஆங்கிலம். பெயர், பிறந்த தேதி, டாக்டர் பெயர், வீட்டு முகவரி என்று கேட்டுக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் பிரசன்னா தாழ்ந்த குரலில், துக்க வீட்டில் பேசுவது போலப் பதில் சொன்னார்.

“மருந்துக்கு ஏதாவது காப்பீடு உண்டா?” என்றாள்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பார்கவி வாயைத் திறந்தார். பிரசன்னா போனின் மேல் கையைப் பொத்திக்கொண்டு தமிழில், “இரு இரு, இன்சூரன்ஸ் இருக்குன்னு மட்டும் சொல்லித் தொலைச்சிடாதே. இருக்குன்னு தெரிஞ்சா ஒரு பைசா தர மாட்டான்” என்றார். பிறகு கையை எடுத்து, ஆங்கிலத்தில், “இல்லை” என்றார்.

“எந்தக் காப்பீடும் இல்லையா?”

“இல்லைம்மா. ஏதோ ஓடுது.” இதை எப்படி ஆங்கிலத்தில் சொன்னார் என்று கேட்காதீர்கள். சொல்லிவிட்டார்.

“ஆர் யூ ஷூர்?” என்று அவள் மறுபடி கேட்டாள். கொஞ்சம் அழுத்தியே கேட்டாள். பிரசன்னா அதை அனுதாபம் என்று எடுத்துக்கொண்டார். வெறும் மணிக்கட்டைத் தடவியபடி, “ஷூர்” என்றார்.

போனை வைத்ததும் அவர் முகத்தில் பாதி விலை வாரத்தின் ஒளி. கல்யாணமாகிப் பதினாறு வருடம், எப்போது ஒன்றும் சொல்லக்கூடாது என்று பார்கவிக்குத் தெரியும்.

இரண்டு நாளில் மின்னஞ்சல் வந்தது. மரியாதையான ஆங்கிலம். சாரம் இதுதான்: இந்தத் திட்டம் இம்மருந்துக்குக் காப்பீடு உள்ளவர்களுக்கானது, தாங்கள் காப்பீடு இல்லை என்று தெரிவித்திருப்பதால் மேற்கொண்டு செல்ல இயலவில்லை.

பிரசன்னா அதை இரண்டு முறை படித்தார். “பாரு, இதைக் கேளேன். இல்லாதவனுக்குக் கிடையாதாம். இருக்கிறவனுக்குத்தான் உதவியாம்! உலகத்துல எங்கயாவது நடக்குமா?”

“நமக்குத்தான் இருக்கே.”

“அதைத்தான் இல்லைன்னு சொல்லிட்டேனே!”

“சொன்னீங்க. ரெண்டு தடவை. கடிகாரத்தை வேற கழட்டி வச்சு.”

அதைச் சொன்னபோது பார்கவி சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தார். பிசைவதை நடுவில் நிறுத்தி விரல்களை மடக்கிப் பார்த்தார். முழுதாக மடங்கவில்லை. மாவை மூடி வைத்துவிட்டு, “இன்னிக்கு சாதமே வச்சிடலாம்” என்றார். பிரசன்னா அந்த விரல்களைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை.

மறுநாள் வேலைக்குச் சுரங்கப்பாதை வழியாகவே போனார், சுங்கம் கட்டி. மனம் சரியில்லை என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை. திரும்பும்போதும் சுங்கம் கட்டி, நேராக மருந்துக்கடைக்கு வந்தார். பார்கவியும் வேலை முடித்து அங்கே வந்திருந்தார்.

சிவசோதி அக்கா கதை முழுவதையும் கேட்டார். சிரிக்கக்கூடாது என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்தும் பயனில்லை.

“நான் சொன்னனான் தானே, இன்சூரன்ஸ் விபரத்தோட கூப்பிடுங்கோ எண்டு?”

“அது காதுல விழலக்கா.”

“சரி, இதை ஒரு சம்பந்தம் பேசிற கதையா யோசியுங்கோ. மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து பொம்பிளையிட்ட சொல்லுகினம், ‘பிள்ளை, நீ ஒண்டும் கொண்டு வரத் தேவையில்லை. கைச்செலவுக்குக்கூட ஒரு சதம் வேண்டாம், அதையும் நாங்களே போடுறம்.’ எவ்வளவு நல்ல சனம், என்ன?”

“நல்ல சனம்தான்.”

“மண்டபக் காசு ஆர் கட்டுறது?”

“மாமனார்.”

“நகை? சாப்பாடு?”

“மாமனார்தான்.”

“அந்தக் கொம்பனிதான் மாப்பிள்ளை வீடு. உங்கட இன்சூரன்ஸ்தான் மாமன். இந்த ஊசியின்ர விலையில பெரும் பங்கை இன்சூரன்ஸ் குடுக்கும். வருசத்துக்கு ஒரு எல்லை இருக்கு, அதுக்குள்ள. மிச்சம் சின்னத் துண்டொண்டு உங்கட பங்கா வரும். அது உங்களுக்குக் கூடிப் போச்செண்டா நீங்கள் ஊசியே வேண்டாமெண்டு போட்டுப் போயிடுவியள். அப்ப மாமன்ர காசும் கொம்பனிக்கு வராது. அதுதான் உங்கட துண்டை அவை தாங்களே போடுகினம். சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீன் பிடிக்கிற வேலை. விளங்குதே? இப்ப சொல்லுங்கோ, சம்பந்தம் பேச வாறவை முதல்ல என்ன கேப்பினம்?”

பிரசன்னா மெதுவாகச் சொன்னார். “மாமனார் இருக்காரான்னு.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“இல்லைன்னு.”

“இல்லையெண்டு மட்டுமோ? ஷூர் எண்டும் சொல்லி ஆளைக் கொண்டுபோய் எரிச்சுப் போட்டு வந்திருக்கிறியள்.”

“எங்கப்பா காதுல விழுந்தா இன்னிக்கே கிளம்பி வந்துடுவார்” என்றார் பார்கவி.

பிரசன்னாவின் மூளை அந்த நேரத்திலும் அடுக்கத்தான் பார்த்தது. “அக்கா, அப்ப கம்பெனி என் பங்கைக் கட்டின பிறகு, நானே கட்டின மாதிரி ஒரு ரசீது போட்டு அதையும் இன்சூரன்ஸ்ல...”

“கட்டாத காசுக்கு ரசீதோ? அதுக்குப் பேர் சலுகை இல்லைத் தம்பி, களவு. உங்கட கையால போன காசைத்தான் நீங்கள் கேக்கலாம். கொம்பனி போட்டது கொம்பனியின்ர கணக்கு.”

“சும்மா கேட்டேன்.”

“தெரியும். நீங்கள் கேக்காட்டில்தான் நான் பயந்திருப்பன்.”

பிறகு அக்கா சிரிப்பை நிறுத்தினார். பதிவை மூடிவிட்டார்கள் என்றால் புதிதாக டாக்டர் எழுத வேண்டும் என்றார். அந்த நிபுணரைப் பார்க்க இப்போது இரண்டு மாதக் காத்திருப்பு. இடையில் ஊசி நின்றால் அந்த இரண்டு மாதிரி ஊசிகளின் பலனும் கரைந்துபோகும். “உடன கூப்பிட்டு உள்ளதைச் சொல்லுங்கோ. இங்க இருந்தே கதையுங்கோ, கதிரை இருக்கு.”

பிரசன்னா நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். “நேத்துத்தான் இன்சூரன்ஸ் எடுத்தோம்னு சொன்னா?”

“ஏங்க, உண்மையைச் சொல்றது அவ்வளவு கஷ்டமா?”

“கஷ்டம்னு இல்ல பாரு. பழக்கமில்ல.”

போனை எடுத்தது அதே நிவி. பிரசன்னா தொண்டையைச் செருமினார். வெறுங்கையோடு பேசினால் சரிவராது என்று தோன்றியிருக்க வேண்டும், கடை வாசலிலேயே கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டார், கட்டவில்லை. அன்று சொன்ன தகவலில் சிறு திருத்தம் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். தன் வீட்டுச் சூழ்நிலை, விசாவின் நிலை, காப்பீடு என்ற சொல்லின் பல அர்த்தங்கள் என்று சுற்றிச் சுற்றி, சுங்கமில்லாத வழியிலேயே போய்க்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்திலிருந்து தமிழ் கேட்டது.

“அங்கிள், எனக்கு அண்டைக்கே விளங்கினது.”

கடையில் மூன்று பேரும் போனைப் பார்த்தார்கள்.

“நான் நிவேதிகா. அம்மா அப்பா யாழ்ப்பாணம். எனக்குக் கதைக்கத்தான் கொஞ்சம் கஷ்டம், கேட்டா எல்லாம் விளங்கும். நீங்கள் அன்ரியிட்ட ‘இன்சூரன்ஸ் இருக்கு எண்டு சொல்லாதே’ எண்டு சொன்னதும் கேட்டது. கை வச்சு மூடினா சத்தம் நிக்காது அங்கிள்.”

நாற்பத்து மூன்று வயதுக்காரரை அங்கிள் என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள். வேறொரு நாளாக இருந்தால் பிரசன்னா அதற்கே ஒரு வாரம் வருந்தியிருப்பார்.

“சாரிம்மா” என்றார்.

“இட்ஸ் ஓகே. எங்கட அப்பாவும் இப்பிடித்தான். வீடு ரெண்டு இருக்கு, ஆர் கேட்டாலும் ‘என்னவோ போகுது’ எண்டுவார். அதுதான் நான் உங்கட பைலை குளோஸ் பண்ணேல்ல. இமெயில் ஓட்டோமற்றிக்கா வந்திருக்கும். நான் ‘திரும்பக் கேக்க வேணும்’ எண்டு போட்டு வச்சனான். பட் நீங்களே சொல்ல வேணும். நான் ஊகிச்சு எழுத ஏலாது.” மறுபடி அலுவலகக் குரலுக்குப் போய், ஆங்கிலத்தில், முறையாகக் கேட்டாள்: “இந்த மருந்துக்குக் காப்பீடு உண்டா?”

இப்படி ஒரு கேள்விக்கு அந்த வம்சத்தில் ஒருவரும் நேராகப் பதில் சொன்னதில்லை. பிரசன்னா மனைவியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், இருமல் மருந்து அலமாரியைப் பார்த்தார்.

“இருக்கு” என்றார், தமிழில்.

வானம் இடிந்து விழவில்லை. அக்காவின் கடையில் பிரிட்ஜ் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, அவர் ஓரக்கண்ணால் சரிபார்த்தார்.

காப்பீட்டு எண்ணைப் படித்தார். நிவேதிகா குறித்துக்கொண்டாள். காப்பீட்டுக் கம்பெனியின் முன் அனுமதிக்காக இன்னும் ஒரே ஒரு கேள்வி, அதை நோயாளியே சொல்ல வேண்டும் என்றாள். “அன்ரி, ஊசி இல்லாட்டி வலி எவ்வளவு? பத்துக்கு எத்தனை சொல்லுவீங்கள்?”

பார்கவி போனருகே குனிந்தார். “அது பரவால்லம்மா. சமாளிக்கிற அளவுதான். ஒரு ரெண்டு, மூணு இருக்கும்.”

நிவேதிகா தயங்கினாள். “ரெண்டு எண்டு எழுதினா அவை இந்த ஊசிக்கு ஓம் சொல்ல மாட்டினம் அன்ரி.”

“இல்லம்மா, நிஜமாவே பெரிசா ஒண்ணும்...”

“பாரு!” என்றார் பிரசன்னா. “இருக்குன்னு சொல்லு!”

கடையில் மாத்திரை வாங்க நின்ற வெள்ளைக்காரப் பாட்டி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். பார்கவி கணவனைப் பார்த்தார். பதினாறு வருடத்தில், இருப்பதை இருக்கு என்று சொல்லச் சொல்லி இந்த மனிதர் ஒரு நாளும் சொன்னதில்லை. கைகளை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

“எட்டு” என்றார் போனில். கொஞ்சம் பொறுத்து, “காலையில ஒம்பது. பல் தேய்க்கிறப்போ” என்றார்.

ஒன்பது என்பது பிரசன்னாவுக்குப் புதுச் செய்தி. சலவைப்பொடி எந்த வாரம் எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இதை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை, பார்கவியும் சொன்னதில்லை. ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

“தாங்க்ஸ் அன்ரி” என்றாள் நிவேதிகா, ரொம்ப மெதுவாக. “இதைத்தான் எழுத வேணும்.”

அனுமதி வந்தது. ஊசி, நாள் தவறுவதற்கு ஒரு நாள் முன்னால் வந்து சேர்ந்தது. சிவசோதி அக்கா குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்து, கணினியைத் தட்டி, திரையைத் திருப்பிக் காட்டினார். காப்பீடு இவ்வளவு, கம்பெனி இவ்வளவு, பிரசன்னா பூஜ்யம்.

பிரசன்னா அந்தப் பூஜ்யத்தை நெடுநேரம் ரசித்தார். வாழ்நாள் முழுக்க அவர் தேடிய எண் அது. பிறகு மனம் கேட்காமல், “அக்கா, இதுக்குப் பாயிண்ட்ஸ் வருமா?” என்றார்.

“போங்கோ தம்பி.”

மூன்றாவது ஊசி முதல் இரண்டையும் தோற்கடித்தது. பார்கவி இப்போது அந்த அறையில் குழந்தைகளுக்குச் சமமாகத் தரையில் இருக்கிறார். எழுவதில் அவர்களை விட ஒரு விநாடி தாமதம், அவ்வளவுதான். மேலாளர் வேறு யாரையும் தேடவில்லை.

கதையை இங்கேயே முடித்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் மண்டபச் செலவு செய்த மாமனார் சும்மா இருப்பாரா? அவருக்கு ஆயிரக்கணக்கில் மகள்கள். ஒரு கல்யாணத்தில் போனதை எல்லா மகள்களிடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிவிடுவார். சில மாதம் கழித்துக் காப்பீட்டுக் கம்பெனி ஒரு தகவல் அனுப்பியது: மருந்துச் செலவுகள் உயர்ந்துவிட்டதால் அனைவரின் பிரீமியமும் உயர்கிறது. தன் பூஜ்யத்துக்குள் தானே ஒரு சிறு துண்டு கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது பிரசன்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சுரங்கப்பாதையைத் தவிர்த்து எரித்த பெட்ரோல் ஞாபகத்துக்கு வந்ததா என்று தெரியவில்லை. அப்படிப்பட்ட ஞாபகங்களை அவர் வைத்துக்கொள்வதில்லை.

பழைய வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி ஏதாவது உண்டா என்று கேட்க உடனே போனை எடுத்தார். எண்ணை அழுத்துவதற்கு முன், இடது கை தானாக வலது கைக்குப் போய் வாரைத் தளர்த்தியது. கடிகாரம் மேஜைக்கு வந்தது. அவர் வலது கையில் கடிகாரம் கட்டுகிறவர்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த பார்கவி பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே கடிகாரத்தை எடுத்து அவர் மணிக்கட்டில் வைத்து, வாரின் நுனியை நுழைத்து, அந்தச் சின்னக் கொக்கியின் முள்ளைச் சரியான ஓட்டையில் ஒரே முயற்சியில் மாட்டினார். இரண்டு வருடமாக அவரால் முடியாத வேலை அது.

போனில் காப்பீட்டுக் கம்பெனியின் பெண் உற்சாகமாகக் கேட்டாள். “ஹவ் ஆர் யூ டுடே, பிரசன்னா?”

பிரசன்னா கொக்கியைப் பார்த்தார், அதை மாட்டிய விரல்களைப் பார்த்தார்.

“வெரி வெல்” என்றார்.

தள்ளுபடி கிடைக்கவில்லை.